இருசம்மாளின் இரண்டாம் சாட்சி

மகள் இசைவாணி செருப்பைக்கூடக் கழற்றவில்லை. வாசற்படியில் நின்றபடியே மூக்கைச் சுருக்கினாள். அதைப் பார்த்ததுமே இருசம்மாளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. மூன்று மாதம் கழித்துப் பெற்ற தாயின் வீட்டுக்கு வருகிறவள் எப்படி இருக்கிறாய் என்றல்லவா முதலில் கேட்க வேண்டும்? இவள் மோப்பம் பிடிக்கிறாள்.

"என்னாம்மா வாடை இது?"

"எலி செத்துக் கெடக்கும்."

"எலி இல்ல. கால காட்டு."

கடலூரில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் பன்னிரண்டு வருஷமாக டயாலிசிஸ் பிரிவு நர்ஸாக இருக்கிறவளிடம் எலிக்கதை எடுபடாது என்று இருசம்மாளுக்கும் தெரியும். ஆனாலும் புடவைக் கரையை இழுத்து வலது காலை மூடிக்கொண்டு, நாற்காலியில் இன்னும் கெட்டியாக உட்கார்ந்தாள். பக்கத்து வீட்டுக்காரி எவளோ போன் போட்டு வத்தி வைத்திருக்கிறாள். அவள் யாரென்று மட்டும் தெரியட்டும் என்று மனதுக்குள் கறுவினாள்.

இசைவாணி கெஞ்சவில்லை. கைப்பையைக் கீழே வைத்துவிட்டு உட்கார்ந்து, அம்மாவின் காலை இழுத்து மடியில் போட்டுக்கொண்டு துணியைப் பிரித்தாள். கட்டைவிரலும் அதற்கடுத்த விரலும் கறுத்துப் போயிருந்தன. இடையில் சீழ். அதன்மேல், சபையில் ஜெபித்துக் கொடுத்த எண்ணெய் பளபளவென்று பூசியிருந்தது.

"வலிக்கலியா?"

"இல்ல. கர்த்தர் வலியே இல்லாம வெச்சிருக்காரு."

"வலி தெரியலன்னா நரம்பு செத்துடுச்சுன்னு அர்த்தம். அவரு மேல பழி போடாத. மாத்திரை எத்தினி நாளா இல்ல?"

இருசம்மாள் காலை இழுத்துக்கொள்ளப் பார்த்தாள். மகளுக்குத் தெரியாததா? ஊருக்கே தெரியும். ஈஸ்டருக்கு முந்தைய தபசு காலத்தில் நாற்பது நாளும் ஒருவேளைக் கஞ்சியோடு உபவாசம் இருந்தாள். மாத்திரையையும் விடாமல் போட்டுக்கொண்டுதான் இருந்தாள். உபவாசம் முடிந்த வாரத்தில் இலவச முகாம் ஒன்றில் ரத்தம் எடுத்துப் பார்த்தார்கள். வருஷக்கணக்காக முந்நூறுக்குக் கீழே இறங்காத சர்க்கரை நூற்றெட்டு காட்டியது. அந்தச் சீட்டைக் கையில் வாங்கியபோது அவளுக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. அது பொய்யில்லை.

அடுத்த வெள்ளிக்கிழமை உபவாச ஜெபத்தில் சாட்சி நேரம் வந்ததும் எழுந்து நின்றாள். அவர்கள் சபையில் சாட்சிக்கு ஒரு முறை உண்டு. ஸ்தோத்திரத்தில் ஆரம்பிக்க வேண்டும், ஜெயத்தில் முடிக்க வேண்டும். பாதி ஆறிய புண்ணுக்கும், பாதி அடைந்த கடனுக்கும் அங்கே சாட்சி கிடையாது. இருசம்மாளும் முறைப்படியே முடித்தாள். இடுப்பிலிருந்து மாத்திரை அட்டையை எடுத்து, "இனி இது எனக்கு வேணாம், கர்த்தர் என்ன சொஸ்தமாக்கிட்டாரு" என்று மேடையில் வீசினாள். கூட்டம் ஆர்ப்பரித்தது. பாஸ்டர் லூர்துசாமி அவள் தலையில் கை வைத்து, "சகோதரி, கர்த்தர் தம்முடைய நோக்கத்துக்காக உங்கள எடுத்துப் பயன்படுத்துறாரு" என்றார். அதை யாரோ போனில் பிடித்து சபையின் வாட்ஸ்அப் குரூப்பில் போட்டார்கள். கீரப்பாளையம், பரங்கிப்பேட்டை, வடலூர் என்று வீடியோ ஊர் ஊராகப் போனது.

முப்பது வருஷம் அங்கன்வாடியில் ஆயாவாக இருந்து ஓய்வு பெற்றவள் இருசம்மாள். "ஆயா, தண்ணி எடு", "ஆயா, கூட்டு" என்பதைத் தவிர யாரும் அவளிடம் வேறெதுவும் பேசியதில்லை. சாட்சிக்குப் பிறகு முன்வரிசையில் அவளுக்கென்று ஒரு நாற்காலி போட்டார்கள். நோயாளிகள் தேடி வந்து ஜெபிக்கச் சொன்னார்கள். அந்த நாற்காலியில் உட்கார்ந்து பார்த்தவளுக்குத்தான் அதன் அருமை தெரியும். ஆடி பிறக்கும் முன்னால் கால் விரலில் ஒரு கொப்புளம் வந்தபோது அவளுக்கு முதலில் நோய் ஞாபகம் வரவில்லை. நாற்காலிதான் ஞாபகம் வந்தது.

"கெளம்பு, ஆஸ்பத்திரிக்கு" என்றாள் இசைவாணி.

"மாட்டேன். சாட்சி சொல்லிட்டேன். இப்ப போயி ஊசி போட்டுக்கிட்டா கர்த்தர பொய்யராக்குறதா ஆவும்."

"அவர நீ ஏற்கெனவே ஆக்கிட்டம்மா."

"வாய மூடுடி! ரெண்டு ஊசி போடத் தெரிஞ்சா பெரிய மேதாவியா? ஒனக்கு விசுவாசம் போயிடுச்சு. எனக்கு போவல."

இசைவாணி நிமிர்ந்து பார்த்தாள். கண் கலங்கவில்லை, கோபத்தில் சிவந்திருந்தது. "ஒவ்வொரு நாளும் எட்டு பேருக்கு ஊசி குத்துறேன். குத்துறதுக்கு முன்னாடி ஒவ்வொருத்தருக்கும் மனசுக்குள்ள ஜெபம் பண்ணிட்டுத்தான் குத்துறேன். அதுல பாதிப் பேரு ஒன்ன மாதிரி மாத்திரைய விட்டவங்க. யாருக்கு விசுவாசம் இல்லன்னு நீ எனக்குச் சொல்லாத."

வார்த்தை தடித்துக்கொண்டே போனது. "என் வூட்ட விட்டு வெளிய போ" என்று இருசம்மாள் கத்திய நேரத்தில், வாசலில் ஒரு பெண் வந்து நின்றாள். தலை கலைந்திருந்தது. மூச்சு வாங்கியது.

"இங்க இருசம்மாங்கறது யாரு?"

"நான்தான். ஜெபத்துக்கா? அப்பறம் வாம்மா."

"ஜெபமா? ஒங்க ஜெபத்துல எங்க வூடு வெளங்கனது போதும்!" அவள் உள்ளே வந்தே விட்டாள். பெயர் பவானி, கீரப்பாளையத்திலிருந்து வருகிறாள். "விருத்தாம்பாள தெரியுமா? எங்க மாமியாரு."

தெரியும். ஒரு வருஷமாக வெள்ளிக்கிழமை தவறாமல் கீரப்பாளையத்திலிருந்து பஸ் ஏறி ஜெபத்துக்கு வருகிறவள். விவசாயக் குடும்பம். வீட்டில் ஒருத்தருக்கும் பிடிக்கவில்லை என்றாலும் முட்டி மோதிக்கொண்டு வந்துவிடுவாள். இருசம்மாளின் நாற்காலிக்குப் பக்கத்தில் பாயில் உட்கார்ந்துகொண்டு, அவள் ஆமென் சொன்னால் தானும் ஆமென் சொல்வாள்.

"பத்து வருஷமா ரெண்டு வேளையும் ஊசி போட்டுக்கிட்டு இருந்தவங்க. ஒங்க வீடியோவ ஒரு நாளைக்கு நூறு தடவ பாத்தாங்க. அஞ்சு வாரத்துக்கு முன்னாடி ஊசி, மருந்து எல்லாத்தயும் தூக்கி வாய்க்கால்ல போட்டுட்டாங்க. இருசம்மாவுக்கு செஞ்சவரு எனக்கு செய்ய மாட்டாரான்னு கேக்குறாங்க. கொடம் கொடமா தண்ணி குடிக்கிறாங்க. ரவிக்க தொளதொளன்னு ஆயிடுச்சு. ரெண்டு நாளா ஒரே வாந்தி. ஆஸ்பத்திரிக்கு வான்னா என் புருஷன அடிக்க வராங்க. இன்னிக்கு ஜெபத்துக்கு கூட்டிட்டுப் போவலன்னா கெணத்துல குதிப்பேன்னாங்க. ஆட்டோ வெச்சு சபையில எறக்கி வுட்டுட்டு நேரா இங்க வரேன்."

இசைவாணி எழுந்து நின்றாள். "மூச்சு எப்புடி வாங்குது? வாயில ஏதாச்சும் வாடை வருதா?"

"மேல்மூச்சு வாங்குது. பழம் அழுவுன மாதிரி ஒரு வாடை."

இசைவாணியின் முகம் மாறியது. சர்க்கரை முற்றி உயிருக்கே வந்துவிட்ட வாடை அது என்று அவளுக்குத் தெரியும். பவானி அவளை விட்டுவிட்டு இருசம்மாளை நோக்கி ஒரு அடி முன்னால் வந்தாள். "ஒரே ஒரு கேள்வி. ஒங்களுக்கு நெஜமாவே கொணமாச்சா? ஆச்சுன்னா சொல்லுங்க, நான் கும்புட்டுட்டுப் போயிடுறேன். ஆவலன்னா இப்பவே வந்து அவுங்ககிட்ட சொல்லுங்க. நாங்க சொன்னா கேக்க மாட்டாங்க. நீங்க சொன்னாத்தான்..." சொல்லும்போதே அவள் கண் கீழே போனது. பிரித்துப் போட்ட துணியும் கறுத்த விரலும் அப்படியே திறந்துதான் கிடந்தன. அவளுக்கு அதற்குமேல் பதில் தேவைப்படவில்லை.

"அடிப் பாவி" என்றாள் பவானி, மெதுவாக.

அந்த மெதுவான குரலைத்தான் இருசம்மாளால் தாங்க முடியவில்லை. கத்தியிருந்தால் பதிலுக்குக் கத்தியிருப்பாள். மூன்று வாரமாக அவள் என்ன ஜெபம் செய்துகொண்டிருக்கிறாள் என்று அவளுக்கும் ஆண்டவருக்கும்தான் தெரியும். சொஸ்தமாக்கும் என்றுகூட இப்போதெல்லாம் கேட்பதில்லை. யாருக்கும் தெரியாமல் பார்த்துக்கொள்ளும் என்றுதான் கேட்டாள். அதைப் போய் விசுவாசம் என்று சற்றுமுன் மகளிடம் பீற்றிக்கொண்டாள். வெட்கம் அவளைப் பிடுங்கித் தின்றது. ஆண்டவர் மேலும் கோபம் வந்தது. என்னைக் கேவலப்படுத்த வேண்டுமென்றால் தனியாகப் படுத்தியிருக்கலாமே, எதற்கு ஒரு அப்பாவியை நடுவில் இழுத்தீர்? ஆனால் இழுத்தது யார் என்று அவளுக்குத் தெரிந்தேதான் இருந்தது.

"கால கட்டுடி" என்றாள் மகளிடம். "ஆட்டோ நிக்குதா?"

"ஆஸ்பத்திரிக்குத்தானே?"

"மொதல்ல சபைக்கு."

சபை சீர்காழி ரோட்டில் ஒரு பழைய நெல் கிடங்கில் நடந்தது. இவர்கள் போய்ச் சேர்ந்தபோது கீபோர்டும் டிரம்மும் அடங்கி, சாட்சி நேரம் ஆரம்பித்திருந்தது. விருத்தாம்பாள் சுவரில் சாய்ந்து பாயில் கிடந்தாள். உதடு வெடித்திருந்தது. இருசம்மாளைக் கண்டதும் அந்த உதட்டில் ஒரு சிரிப்பு வந்தது. அந்தச் சிரிப்பைப் பார்க்காமல் இருசம்மாள் நொண்டியபடியே நேராக மேடைக்குப் போய் மைக்கைக் கையில் வாங்கினாள். வழக்கமாக ஆள் அனுப்பி அழைக்கப்படுகிறவள் தானாகவே வந்ததில் பாஸ்டருக்கு சந்தோஷம்.

"ஸ்தோத்திரம்" என்று ஆரம்பித்தாள். பழக்க தோஷம். "எனக்கு கொணமாவல."

கூட்டத்துக்கு முதலில் புரியவில்லை. இரண்டு பேர் ஆமென் என்றுகூடச் சொன்னார்கள்.

"எனக்கு சக்கர போவல. உபவாசம் இருந்ததுல கொறஞ்சுது, மாத்திரயும் உள்ள இருந்துது. நான் அவசரப்பட்டு சொல்லிட்டேன். அப்பறம் கால் புண்ணாச்சு. தெரிஞ்சும் மறச்சேன். மூணு வாரமா எண்ணெயப் பூசி, மேல துணியச் சுத்தி, இங்க வந்து ஒங்க தல மேல எல்லாம் கை வெச்சேன்."

பாஸ்டர் லூர்துசாமி எழுந்து வந்தார். கெட்டவர் என்று அவரைச் சொல்ல முடியாது. யார் வீட்டில் சாவு என்றாலும் முதல் ஆளாய்ப் போய் நிற்கிறவர். ஆனால் அவர் முகத்தில் இப்போது கலவரம். "சகோதரி களச்சிப் போயிருக்காங்க, சத்துரு அவுங்கள சோதிக்கிறான். நாம எல்லாரும் சேந்து..." என்று மைக்குக்குக் கை நீட்டினார். இருசம்மாள் கொடுக்கவில்லை. அவர் சைகை காட்ட, மைக் செத்தது. டிரம் ஆரம்பித்தது.

அங்கன்வாடியில் முப்பது பிள்ளைகளை அடக்கிய தொண்டைக்கு மைக் எதற்கு?

"நிறுத்துங்கடா!"

டிரம் நின்றது. பின்னால் இருந்து ஒருத்தி, "விசுவாசத்த வுட்ட பின்மாற்றக்காரி" என்றாள். இன்னொருத்தி, "அப்ப எங்களுக்கு ஜெபிச்சதெல்லாம்?" என்று அழ ஆரம்பித்தாள். "எறங்கு கீழ" என்று ஒரு ஆண் குரல். நேற்றுவரை அம்மா என்று அழைத்த வாய்கள்தான். இருசம்மாள் இறங்கினாள். அவர்கள் சொன்னதற்காக இல்லை, விருத்தாம்பாளிடம் போவதற்காக.

விருத்தாம்பாள் சிரிக்கவில்லை இப்போது. மேல்மூச்சுக்கு நடுவே வார்த்தை வார்த்தையாக வந்தது. "நீ பொய்யி. என் மருமவ... ஒன்ன மெரட்டிக் கூட்டியாந்திருக்கா. ஒனக்கு விசுவாசம் போயிடுச்சு. எனக்கு... போவல."

தான் சற்றுமுன் மகள் மேல் எறிந்த அதே வார்த்தை. இருசம்மாள் பாயில் உட்கார்ந்து, கட்டைப் பிரித்து, காலை அவள் கண்ணுக்கு நேரே நீட்டினாள். வாடை கிளம்பியதும் சுற்றி இருந்தவர்கள் முந்தானையால் மூக்கை மூடிக்கொண்டு நகர்ந்தார்கள். விருத்தாம்பாள் நகரவில்லை. அதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இசைவாணி, ஒன் மெஷின எடு. மொதல்ல எனக்கு குத்து."

இசைவாணி கைப்பையிலிருந்து சர்க்கரை பார்க்கும் மெஷினை எடுத்து அம்மாவின் விரலில் குத்தினாள். "நானூத்திப் பன்னெண்டு" என்று படித்தாள். இருசம்மாள் அதை வாங்கி, எல்லோருக்கும் கேட்கும்படி இன்னொரு முறை கத்திச் சொன்னாள்.

"கேட்டியா விருத்தா? நான்தான் பொய் சொன்னேன். கர்த்தர் சொல்லல. ஒனக்கு ஊசி வேணாம்னு அவரு எப்பவும் சொல்லல. நான் சொன்னத அவரு சொன்னதா நீ நெனச்சிட்ட. நானும் அப்புடித்தான் நெனச்சிக்கிட்டேன், அதுல எனக்கு ஒரு சொகம் இருந்துது. என்ன மன்னிக்க வேணாம். கைய மட்டும் நீட்டு."

விருத்தாம்பாள் கையை நீட்டத்தான் செய்தாள். உடம்பில் மிச்சம் இருந்த பலத்தையெல்லாம் கூட்டி இருசம்மாளின் கன்னத்தில் ஒரு அறை விட்டாள்.

அறைந்த கையை இருசம்மாள் விடவில்லை. கன்னத்தோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டாள். பிறகு அதை அப்படியே மகள் பக்கம் திருப்பி, ஒரு விரலை மட்டும் பிரித்துக் கொடுத்தாள். விருத்தாம்பாள் இழுத்துக்கொள்ளப் பார்த்தாள், இழுக்கத் தெம்பில்லை. அல்லது இழுக்க மனமில்லை. அது அவளுக்குத்தான் தெரியும். இசைவாணி குத்தினாள். மெஷினில் எண் வரவில்லை. அறுநூறுக்கு மேல் அதற்கு எண்ணத் தெரியாது.

"பவானி, ஆட்டோவ உள்ள கொண்டாரச் சொல்லு. இப்பவே!"

தூக்குவதற்கு சபையில் யாரும் முன்வரவில்லை. கடைசியில் ஒரு கை வந்தது. பாஸ்டருடைய கை. அவர் இருசம்மாளின் முகத்தைப் பார்க்கவில்லை. விருத்தாம்பாளை ஆட்டோவில் ஏற்றிவிட்டு உள்ளே போய்விட்டார்.

ஆட்டோவில் இரண்டு நோயாளிகளும் பக்கத்துப் பக்கத்தில். விருத்தாம்பாளின் தலை இருசம்மாளின் தோளில் சரிந்தது. "என்ன தொடாத" என்று முனகினாள். ஆனால் தலையை எடுக்கவில்லை, எடுக்க முடியவில்லை.

விருத்தாம்பாள் ஐந்து நாள் தீவிர சிகிச்சைப் பிரிவில் கிடந்து பிழைத்தாள். இன்னும் ஒரு நாள் விட்டிருந்தால் சொல்வதற்கில்லை என்றார்கள். இருசம்மாளுக்கு இரண்டு விரலை எடுத்துவிட்டு, இனி தினமும் ஊசி போட்டுக்கொள்ள வேண்டும் என்று எழுதிக் கொடுத்தார்கள். வார்டில் இருந்தபோது ஒருநாள் நொண்டிக்கொண்டே போய் விருத்தாம்பாளின் கட்டிலுக்குப் பக்கத்தில் நின்றாள். அவள் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். பவானி, "போங்க, அவுங்களுக்கு ஒங்களப் பாத்தாலே ஆத்திரம் வருது" என்றாள். நியாயம்தான் என்று இருசம்மாள் திரும்பி வந்தாள். அன்று படுக்கையில் அழுதாள், விரலுக்காக இல்லை.

சபையில் வீடியோவை எடுத்துவிட்டார்கள். முன்வரிசை நாற்காலியில் இப்போது வேறொருத்தி உட்காருகிறாள். பிரசங்கத்தில் "சிலர்" என்று பாஸ்டர் சொல்லும்போதெல்லாம் நாலு தலைகள் இருசம்மாள் பக்கம் திரும்புகின்றன. பாயில் காலை மடக்கி உட்கார முடியாததால் வீட்டிலிருந்து ஒரு முக்காலி கொண்டுபோய் வாசலோரமாக உட்காருகிறாள். யாரும் அவளிடம் பேசுவதில்லை.

"கடலூருக்கு வந்துடு. என் சபைக்குப் போலாம். இந்த மூஞ்சிங்கள ஏன் பாத்துக்கிட்டுக் கெடக்குற?" என்று இசைவாணி சண்டை பிடித்தாள்.

"நான் சொன்ன பொய்ய கேட்டவங்க எல்லாம் இங்கதானடி இருக்காங்க" என்றாள் இருசம்மாள். "வேற எவளாச்சும் மாத்திரைய விட்டிருந்தா? காலப் பாக்கட்டும்."

அப்படி வாசலோரம் அந்தக் காலைப் பார்த்து மறுபடி மாத்திரைக்குப் போனவர்கள் இரண்டு பேர். அதையும் அவர்களாக வந்து சொல்லவில்லை, மருந்துக்கடையில் எதிர்ப்பட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டதில் தெரிந்துகொண்டாள்.

ஆவணி முடியும் சமயம், ஒருநாள் காலை ஏழு மணிக்கு அவள் போன் அடித்தது. புது எண். எடுத்தால், மறுமுனையில் வெறும் மூச்சு. அப்புறம் கரகரவென்று ஒரு குரல்.

"ஊசி போட்டியா?"

இருசம்மாள் போனைக் காதோடு அழுத்திக்கொண்டாள். "விருத்தா..."

"கேட்டதுக்கு பதில் சொல்லு. போட்டியா, இல்லியா?"

"போட்டேன்."

"ஒன் வாய யாரு நம்புவா? வீடியோ புடிச்சு அனுப்பு."

போன் வைக்கப்பட்டது. இருசம்மாள் உண்மையில் அன்று இன்னும் போட்டிருக்கவில்லை. எழுந்து, மருந்தை எடுத்து, போனை அரிசி டப்பாவின் மேல் சாய்த்து வைத்தாள். கேமரா முன்னால் நின்றதும் பழக்கத்தில் ஸ்தோத்திரம் என்று வாய் திறந்தவள், மூடிக்கொண்டாள்.

"விருத்தா, அப்ப போட்டேன்னது பொய்யி" என்றாள். "இப்பத்தான் போடுறேன், பாரு." வயிற்றுச் சதையைப் பிடித்து ஊசியைக் குத்தினாள்.

அனுப்பிய வீடியோவில், அவள் பார்த்துவிட்டதற்கு அடையாளமாக நீல நிறத்தில் இரண்டு டிக் விழும்வரை பார்த்துக்கொண்டே இருந்தாள். பதில் எதுவும் வரவில்லை. மறுநாள் காலை சரியாக ஏழு மணிக்குப் போன் அடித்தது.